மூலக்கூறு: உர மூட்டைக்குள் ஒரு பாடம்

விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்தின் படலைத் திறந்ததும், கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி மூக்கில் ஏறுவதை விவசாயிகள் அனைவரும் அறிவர். முதல் நாள் மாலையில் தொழுவத்தைக் கூட்டித் துப்புரவு செய்தபோது அந்த நெடி இல்லை. ஓர் இரவுக்குள் அது எங்கிருந்து வந்தது? யூரியா தூவிய வயலிலிருந்தும் இதே வாயு, நம் மூக்குக்கு எட்டாத அளவில், வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். நாம் விலை கொடுத்து வாங்கிய தழைச்சத்தில் ஒரு பகுதி இவ்வாறு காற்றோடு போய்விடுகிறது.

இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், மூலக்கூறு என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும். "இது பள்ளிப் பிள்ளைகளின் பாடமாயிற்றே, உழவனுக்கும் பஞ்சாயத்து அங்கத்தினருக்கும் இதனால் என்ன பயன்?" என்று எண்ணிவிடலாகாது. எந்த உரம் எத்தனை மூட்டை வேண்டும், எதனை எதனோடு கலக்கலாகாது, ஊர்க் கிணற்று நீர் ஏன் கெடுகிறது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த நுண்ணிய பொருளில் அடங்கியிருக்கிறது.

அணுவும் மூலக்கூறும்

ஒரு செம்பு நீரை எடுத்துக்கொள்வோம். அதைப் பாதியாக்கினாலும் நீரே. அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கினாலும் நீரே. இவ்வாறு பகுத்துக்கொண்டே சென்றால், இனியும் பகுத்தால் அது நீராக இராது என்னும் ஓர் எல்லை வருகிறது. அந்த எல்லையில் நிற்கும் மிகச் சிறிய நீர்த்துகளே நீரின் மூலக்கூறு ஆகும். அதையும் உடைத்தால் கிடைப்பது நீர் அன்று. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரு பிராணவாயு அணுவுமே.

ஹைட்ரஜன் தீப்பற்றி எரியும் வாயு. பிராணவாயு பிற பொருள்கள் எரிவதற்குத் துணை செய்யும் வாயு. இவ்விரண்டும் அணு அளவில் பிணைந்து உண்டான நீரோ நெருப்பை அணைக்கிறது. ஆகவே, ஒரு பொருளின் குணம் அதில் எந்த அணுக்கள் இருக்கின்றன என்பதை மட்டும் பொறுத்ததன்று. அவை எத்தனை, எவ்வாறு பிணைந்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. இக்கட்டுரை முழுவதிலும் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டிய கருத்து இதுவே.

மூலக்கூறு எவ்வளவு சிறியது? ஒரு துளி நீரில் ஒன்றரைக் கோடி கோடி கோடிக்கும் அதிகமான மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை அனைத்தும் ஒரே அமைப்பு உடையவை. காவிரி நீராயினும், கிணற்று நீராயினும், மழை நீராயினும், அதில் கரைந்துள்ள பிற பொருள்களை நீக்கிப் பார்த்தால், 9 பங்கு எடையுள்ள நீரில் 1 பங்கு ஹைட்ரஜனும் 8 பங்கு பிராணவாயுவுமே இருக்கும். அணுவையும் மூலக்கூறையும் பிரித்தறிய வேண்டும் என்பதை இத்தாலி நாட்டு அறிஞர் அவகாட்ரோ 1811-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அக்கருத்து பொதுவாக ஏற்கப்பட ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

கலவை வேறு, சேர்மம் வேறு

பொருள்களை ஒன்றாகக் கலப்பதால் மட்டும் புதுப் பொருள் உண்டாகிவிடாது. பச்சைப்பயறும் உளுந்தும் ஒரே முறத்தில் கலந்து கிடந்தாலும் பயறு பயறே, உளுந்து உளுந்தே. இது கலவை. கலவையில் எதையும் எந்த விகிதத்திலும் சேர்க்கலாம், பிரித்தெடுக்கவும் கூடும். நாம் சுவாசிக்கும் காற்றும் பல வாயுக்களின் கலவையே.

சேர்மம் அப்படிப்பட்டதன்று. அதில் அணுக்கள் ஒரு குறிப்பிட்ட கணக்கில் பிணைந்து நிற்கும். அந்தக் கணக்கு மாறினால் பொருளே மாறிவிடும். பாயசத்தில் கரைந்த சர்க்கரை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நாவுக்கு இனிக்கிறது. சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீரிடையே பரவினவேயன்றி உடைந்துபோகவில்லை. அதே சர்க்கரையை வெறும் வாணலியில் இட்டுக் கருக விட்டால் கசப்பும் கரியும் மிஞ்சும். 45 அணுக்கள் கொண்ட சர்க்கரை மூலக்கூறு இங்கே உடைந்துவிட்டது. கரைவது வேறு, உடைவது வேறு என்பதற்கு நம் அடுப்பங்கரையே சான்று.

தலைக்கு மேல் தழைச்சத்து, காலடியில் பஞ்சம்

பயிருக்கு வேண்டிய தழைச்சத்து என்பது நைட்ரஜன் என்னும் தனிமமே. காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். நெற்பயிர் இரவும் பகலும் நைட்ரஜன் நடுவே நின்றுகொண்டே தழைச்சத்துப் பஞ்சத்தால் வெளிறிப்போவதேன்?

காற்றிலுள்ள நைட்ரஜன் தனி அணுக்களாக இல்லை. இரண்டிரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு மூலக்கூறாக இருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்கும் ஆற்றல் நெல்லுக்கோ கரும்புக்கோ பருத்திக்கோ இல்லை. பயறு வகைகள், சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அந்த ஆற்றல் உண்டு. நெல்வயலில் மிதக்கும் அசோலாவின் இலைகளில் தங்கியிருக்கும் நீலப்பச்சைப் பாசிக்கும் உண்டு. நம் முன்னோர் நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும் விதைத்ததும், பசுந்தாள் பயிரை மடக்கி உழுததும் மூலக்கூறு என்னும் சொல்லைக் கேட்டறிந்து செய்தவை அல்ல. எனினும் அதன் பயனை அவர்கள் கண்டிருந்தனர்.

மனிதன் இந்தக் கட்டை அவிழ்த்தது மிகவும் அண்மையிலேதான். ஜெர்மனியில் ஹேபர் என்பவர் 1909-இல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் இணைத்து அம்மோனியா செய்து காட்டினார். 1913-இல் பாஷ் என்பவரின் முயற்சியால் அது தொழிற்சாலை அளவில் நடைபெறலாயிற்று. ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்டது அம்மோனியா மூலக்கூறு. இன்று நாம் வாங்கும் யூரியா அந்த அம்மோனியாவிலிருந்தே செய்யப்படுகிறது. நுண்ணுயிர் வேர் முடிச்சில் ஓசையின்றிச் செய்யும் வேலையை, தொழிற்சாலை பெரும் எரிபொருட்செலவில் செய்கிறது. ஒரு பிடி யூரியாவை வீணாக்கும்போது இந்தச் செலவு முழுவதையும் வீணாக்குகிறோம்.

யூரியா மூட்டையின் மேலுள்ள எண்

யூரியா என்பது முதலில் கால்நடைகளின் சிறுநீரிலும் மனிதரின் சிறுநீரிலும் அறியப்பட்ட பொருள். உயிருள்ள உடலில் உண்டாகும் பொருளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க இயலாது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினர். 1828-இல் வோலர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அம்மோனியம் சயனேட் என்ற பொருளை உண்டாக்க முயன்றபோது, அவர் கையில் கிடைத்தது யூரியா. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே. அவற்றின் எண்ணிக்கையும் ஒன்றே. அடுக்கப்பட்ட முறைதான் வேறு. ஒரே செங்கற்களைக் கொண்டு களஞ்சியமும் கட்டலாம், கோயில் மதிலும் கட்டலாம் அல்லவா? பசுவின் உடலில் உண்டான யூரியா மூலக்கூறுக்கும் தொழிற்சாலையில் உண்டான யூரியா மூலக்கூறுக்கும் அணுவளவும் பேதமில்லை.

யூரியா மூலக்கூறில் ஒரு கரி அணு, ஒரு பிராணவாயு அணு, இரண்டு நைட்ரஜன் அணுக்கள், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அணுக்களின் எடையை ஒப்பிட்டால் ஹைட்ரஜன் 1, கரி 12, நைட்ரஜன் 14, பிராணவாயு 16 ஆகும். இனிக் கணக்கிடுவோம்: கரி 12, பிராணவாயு 16, நைட்ரஜன் இருமுறை 14 ஆக 28, ஹைட்ரஜன் 4, மொத்தம் 60. இந்த 60 பங்கில் 28 பங்கு தழைச்சத்து. 100 பங்குக்கு 46 பங்கும் சற்று அதிகமும் வருகிறது. மூட்டையின் மேல் 46 என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். இன்று விற்கப்படும் 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது.

அம்மோனியம் சல்பேட்டை இவ்வாறே கணக்கிட்டால் மொத்த எடை 132. அதில் நைட்ரஜன் 28. அதாவது 100-க்குச் சுமார் 21 பங்கு. ஆகவே 46 கிலோ தழைச்சத்து வேண்டுமாயின் யூரியா 100 கிலோ போதும்; அம்மோனியம் சல்பேட் ஏறத்தாழ 220 கிலோ வேண்டும். பின்னதில் கந்தகச்சத்தும் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூட்டை விலையை மட்டும் ஒப்பிடாமல், ஒரு கிலோ தழைச்சத்து என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒப்பிடுவதே அறிவுடைமை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லுதல் அவசியம். நீர், சர்க்கரை, யூரியா ஆகியவை தனித்தனி மூலக்கூறுகளால் ஆனவை. கறியுப்பு, பொட்டாஷ், ஜிப்சம், அம்மோனியம் சல்பேட் போன்ற உப்பு வகைகள் அவ்வாறு ஆனவை அல்ல. அவற்றில் எதிரெதிர் மின்னேற்றம் பெற்ற துகள்கள், நாற்று நட்ட வயல்போல வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இது ஒரு மூலக்கூறு என்று தனியே பிரித்துக் காட்ட இயலாது. எனினும் அத்துகள்களின் விகிதம் என்றும் மாறாதாகையால், மேலே கண்ட கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

தொழுவத்திலும் வயலிலும் நடப்பது

இனித் தொழுவத்து நெடிக்கு வருவோம். தரையில் விழுந்த சிறுநீரில் யூரியா இருக்கிறது. சாணத்திலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி, அந்த மூலக்கூறை உடைக்கிறது. ஒரு யூரியா மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து மறைய, இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளும் ஒரு கரியமிலவாயு மூலக்கூறும் தோன்றுகின்றன. எண்ணிப் பார்த்தால் ஓர் அணுவும் கூடவில்லை, ஓர் அணுவும் குறையவில்லை. இடம் மாறி அமர்ந்தன, அவ்வளவே. யூரியாவுக்கு மணமில்லை, அம்மோனியாவுக்கோ கண்ணீர் வரவழைக்கும் நெடி உண்டு. இரவில் உடைந்தது காலையில் மூக்கில் ஏறுகிறது.

வயலிலும் நடப்பது இதுவே. ஈரமான மண்ணின் மேற்பரப்பில் யூரியாவைத் தூவி அப்படியே விட்டால், உடைந்து உண்டாகும் அம்மோனியா காற்றில் கலந்துவிடும். வெயில் மிகுந்த நாளிலும் களர் நிலத்திலும் இந்த இழப்பு அதிகம். மண்ணுக்குள் சென்ற அம்மோனியாவோ அம்மோனியமாக மாறி, களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு பயிருக்குப் பயன்படும்.

அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. மண்ணிலுள்ள வேறு நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டையும் பயிர் உண்ணும். ஆனால் களிமண் அதைப் பிடித்துவைப்பதில்லை. பாய்ச்சிய நீரோடு அது வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். நீர் கட்டிய சேற்றில் காற்று புகாத அடுக்குக்குச் சென்றாலோ, நுண்ணுயிர்கள் அதிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொள்ள, எஞ்சிய நைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவை இரண்டிரண்டாகக் கூடி மீண்டும் காற்றின் நைட்ரஜன் மூலக்கூறுகளாகிப் பறந்துவிடும். காற்றிலிருந்து அரும்பாடுபட்டுப் பிடித்துவந்த பொருள் காற்றுக்கே திரும்பிவிடுகிறது.

ஆகவே விவசாயிகள் கடைப்பிடிக்க வேண்டியவை வருமாறு:

1. யூரியா முழுவதையும் ஒரே முறையில் இடாமல், பயிரின் தேவைக்கேற்பப் பல தவணைகளாகப் பிரித்து இடுக.

2. புன்செய்ப் பயிருக்கு யூரியாவை மேலே தூவி விடாமல், மண்ணுக்குள் இட்டு மூடுக. அல்லது இட்டவுடன் அளவாக நீர் பாய்ச்சுக.

3. நெல்லுக்கு 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம் புண்ணாக்கு என்ற அளவில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுக. வேம்பிலுள்ள பொருள்கள், அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணிக்கின்றன. 2015 முதல் நம் நாட்டில் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச வேண்டுமென விதித்திருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

4. அம்மோனியம் சல்பேட்டைச் சுண்ணாம்போடோ சாம்பலோடோ கலவாதீர். ஐயமுள்ளவர் ஒரு சிட்டிகை உரத்தைச் சிறிது நீர்த்த சுண்ணாம்போடும் சொட்டு நீரோடும் சேர்த்துத் திறந்த வெளியில் வைத்துப் பார்க்கலாம். சற்றுத் தொலைவிலிருந்தே தொழுவத்து நெடி வீசும். உரத்தின் சத்து போவதை மூக்கே காட்டிக்கொடுக்கும்.

5. தொழுவத்துத் தரையில் மண்ணையோ சருகையோ பரப்பி, சிறுநீர் ஊறியதும் அள்ளி எருக்குழியில் இட்டு மண்ணால் மூடுக. காற்றில் போகும் தழைச்சத்தில் ஒரு பகுதியேனும் மிஞ்சும்.

ஊர்க் கிணற்றுக்கு வரும் தீங்கு

நைட்ரேட் கீழே இறங்குவது விவசாயியின் நஷ்டம் மட்டுமன்று. ஊரின் நஷ்டமும் ஆகும். மிகுதியான உரமும், கிணற்றருகே அமைந்த எருக்குழியும், கசியும் கழிப்பறைக் குழியும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டைச் சேர்க்கின்றன. குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மிஞ்சிய நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குன்றி உடல் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும்.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. காய்ச்சுவதால் நோய்க் கிருமிகள் சாகும், நைட்ரேட்டோ கிருமியன்று. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு ஏறவே செய்யும். குளோரின் கலப்பதாலும் அது நீங்காது. பஞ்சாயத்தார் குடிநீர் ஆதாரங்களைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் காலந்தவறாமல் பரிசோதிக்கச் செய்வதும், எருக்குழிகளையும் கழிப்பறைக் குழிகளையும் கிணற்றுக்குத் தொலைவில் அமைக்கச் செய்வதும் அவசியம்.

பொருள் அறையில் ஓர் எச்சரிக்கை

ஒரு பஞ்சாயத்தின் பொருள் அறையைப் பார்வையிட்டபோது கண்ட காட்சியை இங்கே குறிப்பிடுதல் தகும். மேல்நிலைத் தொட்டிக்கான பிளீச்சிங் பவுடர் மூட்டை வாய் திறந்தபடி இருந்தது. அதன்மேல் சாய்ந்தாற்போல் மரக்கன்றுகளுக்கென வாங்கிய யூரியா மூட்டை. பக்கத்தில் கழிப்பறை கழுவும் அமிலக் கேன். "எல்லாம் பத்திரமாக ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றுதான் ஐயா வைத்தோம்" என்றார் பொறுப்பாளர். அவரது எண்ணத்தில் குறையில்லை, இடம்தான் தவறு.

பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். மூடிய அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். யூரியாவோடும் அம்மோனியம் உரங்களோடும் பிளீச்சிங் பவுடர் ஈரத்தில் கலந்தால், நைட்ரஜனும் குளோரினும் பிணைந்து வெடிக்கும் தன்மையுள்ள பொருள் உண்டாகக்கூடும். தனித்தனியே பயன் தரும் பொருள்கள்தாம். ஆனால் அணுக்கள் இடம் மாறினால் குணமும் மாறிவிடுகிறது. ஆகவே பிளீச்சிங் பவுடரை மட்டும் உலர்ந்த, வெயில் படாத, காற்றோட்டமுள்ள தனி இடத்தில் இறுக மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் அதன் குளோரின் நாளடைவில் வெளியேறி, கிருமியைக் கொல்லும் ஆற்றலும் குன்றிவிடும். அன்றே அம்மூன்றும் மூன்று இடங்களுக்கு மாற்றப்பட்டன. பிற பஞ்சாயத்துகளும் தத்தம் அறைகளை ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.

முடிவுரை

நைட்ரஜன் என்னும் ஒரே தனிமம், காற்றில் பயிருக்கு எட்டாக் கனியாகவும், யூரியாவில் உரமாகவும், தொழுவத்தில் நெடியாகவும், கிணற்றில் தீங்காகவும் தோற்றமளிப்பதைக் கண்டோம். அணு மாறவில்லை, அது சேர்ந்திருக்கும் கூட்டே மாறியது. இதை உணர்ந்த விவசாயி உரத்தை அளந்து வாங்குவார், காலம் அறிந்து இடுவார், கலக்கத் தகாததைக் கலக்கமாட்டார். படித்தறிந்த பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவற்றை மகளிர் குழுக்களிலும் இளைஞர் மன்றங்களிலும் எடுத்துரைப்பார்களாக.

கூடிப் படிப்போர் சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. பாயசத்தில் கரைந்த சர்க்கரைக்கும் வாணலியில் கருகிய சர்க்கரைக்கும் மூலக்கூறு அளவில் உள்ள வேறுபாடு யாது?

2. உங்கள் வயலுக்கு 23 கிலோ தழைச்சத்து வேண்டுமாயின் யூரியா எத்தனை கிலோ தேவை?

3. நைட்ரேட் மிகுந்த நீரைக் காய்ச்சிக் குடிப்பதால் பயன் இல்லாதது ஏன்?

4. உங்கள் பஞ்சாயத்தின் பொருள் அறையில் எவை எவை அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன?